வைரஸுக்கு வாசல் திறப்பது யார்?

கருமத்தம்பட்டியிலிருந்து பல்லடம், காங்கயம், தாராபுரம் எனத் தென்கிழக்கே செல்லச் செல்ல நிலம் வறண்டு, கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகள் கண்ணில் படத் தொடங்கும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த இம்மேய்ச்சல் காடுகளில் செம்மறி ஆடுகள் மேய்வது கொங்கு நாட்டின் பழங்காட்சி. தறி ஓடாத மாதத்திலும், மழை பொய்த்து வெள்ளாமை கைவிட்ட ஆண்டிலும், பட்டியில் நிற்கும் ஆடுகளே பல குடும்பங்களைக் காப்பாற்றி வந்துள்ளன. திருமணச் செலவோ படிப்புச் செலவோ நெருங்கும்போது பத்து உருப்படிகளைச் சந்தைக்கு ஓட்டினால் போதும். ஆடு என்பது இங்கே நடமாடும் சேமிப்பு.

இச்சேமிப்பை ஒரு சில வாரங்களில் கரைத்துவிடக் கூடிய நோய்களில் ஒன்று நீலநாக்கு நோய். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதை அடுத்த வாரங்களிலும் தமிழகத்தில் இது தலைகாட்டும். ஆட்டுக்குக் கடுங்காய்ச்சல் காணும். முகமும் உதடும் வீங்கும். வாயில் புண் உண்டாகும். மூக்கிலிருந்து சளி ஒழுகிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். குளம்பின் மேற்புறம் சிவந்து ஆடு நொண்டும். சில ஆடுகளுக்கு நாக்கு வீங்கி நீலம் பாரித்துவிடும். நோயின் பெயர் இதிலிருந்தே வந்தது. தமிழகத்தில் 1997-98-இல் பரவியபோது இது பெருஞ்சேதம் விளைவித்தது.

இந்நோயை உண்டாக்கும் வைரஸைப் பற்றிய ஆராய்ச்சி ஓர் அடிப்படைக் கேள்விக்கு விடை காண உதவியிருக்கிறது. செல்லுக்குள் புகுந்து பல்கிப் பெருகும் வைரஸ், அங்கிருந்து எப்படி வெளியேறுகிறது? வைரஸுக்குக் கை கால் இல்லை. தானாக நகரும் ஆற்றலும் இல்லை. செல்லைச் சுற்றியுள்ள சவ்வோ எளிதில் கிழியாதது. அப்படியிருக்க, வாசலைத் திறந்துவிடுவது யார்?

நோய் வந்த வழி

நீலநாக்கு நோய் பற்றிய முதல் பதிவுகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிடைக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மெரினோ செம்மறிகள் அங்கே மழைக்காலங்களில் மடிந்தன. 1902-இல் ஹட்சியன் என்ற கால்நடை மருத்துவர் இதை மலேரியா போன்ற ஒரு காய்ச்சல் என்று விவரித்தார். 1905-இல் ஸ்ப்ரூல் என்பவர், பண்ணையாளர்கள் வழங்கி வந்த ‘நீலநாக்கு’ என்ற பெயரையே அறிவியலுக்கும் ஏற்றுக்கொள்ளலாம் என்றார். 1906-இல் ஆர்னால்டு டைலர், நோயுற்ற ஆட்டின் இரத்தத்தைப் பாக்டீரியாக்கள் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரும் நோயை உண்டாக்கியது. எனவே காரணி பாக்டீரியாவினும் மிகச் சிறியது என்பது உறுதியாயிற்று. பிற்காலத்தில் அது வைரஸ் என வகைப்படுத்தப்பட்டது.

இந்நோய் ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டிற்குத் தொட்டுப் பரவுவது அரிது. கொசுவைக் காட்டிலும் சிறிய, ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உடைய, கியூலிகாய்ட்ஸ் என்னும் கடிக்கும் பூச்சியே இதைப் பரப்புகிறது என்று 1944-இல் டு டாய் நிறுவினார். சாணமும் சேறும் கலந்த ஈர மண்ணில் இப்பூச்சி பெருகும். அந்தியிலும் விடியலிலும் மிகுதியாகப் பறக்கும். மழைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு இதனால் விளங்கிற்று.

இந்தியாவில் இந்நோய் 1964-இல் மகாராஷ்டிரத்தில் சாப்ரே என்பவரால் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் வெளிநாட்டு இனங்களையும் கலப்பினங்களையுமே இது மிகுதியாகத் தாக்கியது. 1980-களிலிருந்து தென் மாநிலங்களில் நாட்டு ஆடுகளும் பெருமளவில் நோயுற்றன. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவை இதனால் மிகவும் பாதிக்கப்பட்டவை.

ஒரே வைரஸ், இருவேறு குணம்

இனி ஒரு புதிரைக் காண்போம். நோய் கண்ட ஆடு துவண்டு விழுகிறது. அதே வைரஸைச் சுமக்கும் பூச்சியோ எக்குறையும் இன்றிப் பறக்கிறது. ஒருமுறை வைரஸ் தொற்றினால் பூச்சி தன் ஆயுள் முழுதும் அதைச் சுமந்து, கடிக்கும் ஆடுகளுக்கெல்லாம் பரப்புகிறது.

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் செல்களிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. பாலூட்டிகளின் செல்களில் நீலநாக்கு வைரஸைச் சேர்த்தால் ஓரிரு நாள்களில் அவை உருக்குலைந்து மடிகின்றன. பூச்சியின் செல்களில் சேர்த்தால் வைரஸ் பெருகி வெளியேறிக்கொண்டே இருக்கும். செல்களோ உயிரோடு இருந்து வழக்கம்போல் வளரும்.

ஒரு வீட்டில் குடியிருந்தவன் சுவரை இடித்துக்கொண்டு வெளியேறுவதற்கும், கதவைத் திறந்து ஓசையின்றிப் போவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆட்டின் செல்லில் வைரஸ் இரு வழிகளையும் கையாளுகிறது: முதலில் ஓசையின்றிச் சிறிது, பின்னர் செல் சிதையும்போது மொத்தமாக. ஆட்டின் உடலில் இவ்வைரஸ் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்புறச் செல்களைத் தாக்குகிறது. அவை சேதமுறுவதால் குழாய்கள் கசிகின்றன. முகம் வீங்குவதும் நாக்கு நீலமாவதும் அதன் விளைவே. பூச்சியின் செல்லிலோ கதவு வழி ஒன்றுதான். அந்தக் கதவு எது என்பதே அறிவியலாளர் முன் நின்ற கேள்வி.

சவ்வில் அமர்ந்த ஒரு புரதம்

நீலநாக்கு வைரஸின் மரபுப் பொருள் ஈரிழை ஆர்.என்.ஏ. இது பத்துத் துண்டுகளாக அமைந்துள்ளது. அவற்றுள் மிகச் சிறியதான பத்தாம் துண்டு ‘என்.எஸ்.3’ என்னும் புரதத்தை உருவாக்கும் குறிப்பைத் தாங்கியிருக்கிறது. இதில் உள்ள அமினோ அமிலங்கள் 229 மட்டுமே. வைரஸ் துகளின் உடலில் இப்புரதம் இடம்பெறுவதில்லை. செல்லுக்குள் உற்பத்தியாகி, செல்லின் சவ்வுகளில் சென்று அமர்ந்துகொள்கிறது. வைரஸ் துகள் கட்டடம் என்றால், என்.எஸ்.3 கட்டட வேலைக்கு உதவிவிட்டு வெளியே நின்றுவிடும் ஆள்.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரிலுள்ள விலங்கு நல ஆய்வுக்கூடத்தில் ஹயாட், ஈட்டன் முதலியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கி கொண்டு, வைரஸ் துகள்கள் செல்லை விட்டு வெளியேறும் காட்சியை ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டனர். சில துகள்கள் சவ்வைத் துளைத்துச் சென்றன. சில துகள்கள் மரக்கிளையில் மொட்டு அரும்புவதுபோலச் சவ்வைத் தள்ளிக்கொண்டு வெளிவந்தன. துகள்கள் வெளியேறும் இடங்களில் என்.எஸ்.3 புரதம் இருப்பதையும் அவர்கள் அடுத்து 1991-இல் காட்டினர்.

இங்கே நம் நாட்டில் பிறந்த அறிவியலாளர் ஒருவர் வரலாற்றில் நுழைகிறார். அவர் பாலி ராய். அமெரிக்காவிலும் பின்னர் இங்கிலாந்திலும் பணியாற்றி, நீலநாக்கு வைரஸின் ஒவ்வொரு புரதத்தின் பணியையும் பிரித்தறிவதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். 1990-இல் அவரது குழுவினர் வைரஸின் நான்கு கட்டமைப்புப் புரதங்களை மட்டும் பூச்சிச் செல்லில் உற்பத்தி செய்து, வைரஸ் போலவே தோற்றமளிக்கும் வெற்றுத் துகள்களை உருவாக்கினர். மரபுப் பொருள் இல்லாததால் இத்துகள்கள் நோயுண்டாக்கா. அவை செல்லுக்குள்ளேயே தங்கின. 1993-இல் ஹயாட்டும் ராயும் அதே செல்லில் என்.எஸ்.3 புரதத்தையும் உற்பத்தியாகச் செய்தனர். வெற்றுத் துகள்கள் வெளியேறத் தொடங்கின!

வெளியேற்றத்திற்கு என்.எஸ்.3 தேவை என்பது இதனால் ஐயமற விளங்கிற்று. ஆனால் இத்தனை சிறிய புரதம் தனியாளாக ஒரு துகளை வெளியே தள்ளிவிட முடியுமா? அதற்கு யாரோ துணை செய்கிறார்கள் என்றே ஆய்வாளர்கள் கருதினர். அத்துணை யார் என்பதற்கான விடை வேறொரு திசையிலிருந்து வந்தது.

ஈஸ்ட்டும் எய்ட்ஸும்

இந்தியாவில் எய்ட்ஸ் வைரஸ் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு செய்த நிர்மலா செல்லப்பனும் அதை வெளிப்படுத்தினர். அவ்வைரஸை ஆராய்ந்தவர்களும் ‘எப்படி வெளியேறுகிறது?’ என்ற கேள்வியையே எதிர்கொண்டனர். 1991-இல் அமெரிக்காவில் கோட்லிங்கர் முதலியோர் வைரஸின் ‘பி-6’ என்னும் சிறு பகுதியை நீக்கிப் பார்த்தனர். துகள்கள் உருவாயின, செல்லின் பரப்பில் அரும்பின, ஆனால் பிரியவில்லை. முற்றிய காய் காம்பு அறாமல் மரத்திலேயே தொங்குவதுபோல, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய காம்பினால் செல்லோடு ஒட்டிக்கொண்டே நின்றது. காம்பை அறுக்கும் கத்தி வைரஸிடம் இல்லை. அது செல்லினுடையதாக இருக்க வேண்டும்.

அந்தக் கத்தியைக் கண்டவர்கள் வைரஸைத் தேடியவர்கள் அல்லர். ஈஸ்ட்டை ஆராய்ந்தவர்கள். ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் அதே ஈஸ்ட்தான். செல் தன் சவ்விலுள்ள பழுதான புரதங்களை உள்ளிழுத்து, சிறு பைகளில் அடைத்து, செரிக்கும் அறைக்கு அனுப்புகிறது. இது ஒவ்வொரு செல்லிலும் அன்றாடம் நடக்கும் குப்பை அகற்றும் பணி. இதைச் செய்யும் புரதக் கூட்டத்தை அமெரிக்காவில் ஸ்காட் எம்ர் குழுவினர் ஈஸ்ட்டில் பிரித்தறிந்து 2001-இல் வெளியிட்டனர். அக்கூட்டத்திற்கு ‘எஸ்கார்ட்’ என்று பெயரிட்டனர். வழித்துணை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஒத்த ஒலியுடைய பெயர் இது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. செல் வெளியிலிருந்து ஒரு பொருளை உள்ளே எடுக்கும்போது சவ்வு உள்நோக்கிக் குழிந்து பையாகிறது. அப்பையின் கழுத்தைச் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் வெளிப்புறமாகச் சுற்றி வளைத்து அறுக்கலாம். வைரஸ் வெளியேறும்போதோ சவ்வு எதிர்த்திசையில் அரும்புகிறது. செல்லின் உட்பொருள் அந்தக் கழுத்துக்குள்ளேயே இருக்கிறது. அறுக்கும் கருவி கழுத்துக்கு உள்ளே நுழைந்து வேலை செய்ய வேண்டும். பாட்டிமாரின் சுருக்குப் பையில் கயிறு துணியைச் சுற்றி ஓடி வாயை இறுக்கும். இங்கே கயிறு பையின் கழுத்துக்கு உட்புறம் சுருள் சுருளாக அமைந்து, அதை உள்ளிருந்தே குறுக்கி மூடுகிறது. குப்பைப் பைகள் அரும்புவதும் இதே திசையில்தான். எனவே வைரஸுக்கு வேண்டிய கருவி செல்லின் குப்பை அகற்றும் பிரிவில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அதே 2001-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சண்ட்குவிஸ்ட் குழுவினரும், நியூயார்க் மாநிலத்தில் கரோல் கார்ட்டர் குழுவினரும், எய்ட்ஸ் வைரஸின் பி-6 பகுதி செல்லின் ‘டி.எஸ்.ஜி.101’ என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்று காட்டினர். டி.எஸ்.ஜி.101 எஸ்கார்ட் கூட்டத்தின் உறுப்பினர். முன்னர் 1996-இல் புற்றுநோய் ஆராய்ச்சியில் கண்டறியப்பட்டு, அன்றாடப் பணி இன்னதென்று தெரியாமல் கிடந்த புரதம் அது. வைரஸ் அதைப் பற்றும் இடம் நான்கே நான்கு அமினோ அமிலங்கள்: புரோலின், த்ரியோனின், அலனின், புரோலின்.

செல்லில் இதே வேலையைச் செய்யும் ‘எச்.ஆர்.எஸ்.’ என்னும் சொந்தப் புரதமும் இத்தகைய நான்கெழுத்து அடையாளத்தைக் காட்டியே டி.எஸ்.ஜி.101-ஐ அழைக்கிறது என்று 2003-இல் தெரியவந்தது. ஆலை வாயிலில் காவலாளி அனுமதிச் சீட்டைப் பார்த்துக் கதவைத் திறப்பார். வைரஸ் வைத்திருப்பது அதே சீட்டின் போலி நகல்!

மீண்டும் நீலநாக்கு

இந்த விடை நீலநாக்கு வைரஸுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் காரணம் குறைவு. எய்ட்ஸ் வைரஸ் மேலுறை உடையது. செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளியேறுவது. நீலநாக்கு வைரஸுக்கு அத்தகைய உறை நிலையாக இல்லை. உறையற்ற வைரஸ்கள் செல்லைச் சிதைத்துத்தான் வெளிவரும் என்பதே அன்றைய பொதுக் கருத்து.

2002-இல் ராய் குழுவினர் என்.எஸ்.3 ஒரு பாலமாக இயங்குவதைக் கண்டனர். அதன் ஒரு முனை வைரஸ் துகளின் வெளி ஓட்டிலுள்ள வி.பி.2 புரதத்தைப் பற்றுகிறது. மறுமுனையின் முதல் 13 அமினோ அமிலங்கள் செல்லின் ‘பி-11’ என்னும் புரதத்தைப் பற்றுகின்றன. இது செல்லின் சரக்குகளைச் சவ்வுக்குக் கொண்டு சேர்க்கும் பிரிவைச் சேர்ந்தது. 2006-இல் அடுத்த கண்டுபிடிப்பு வந்தது. என்.எஸ்.3 புரதத்திலும் ஒரு நான்கெழுத்து அடையாளம் இருந்தது: புரோலின், செரின், அலனின், புரோலின். அதன்மூலம் அது டி.எஸ்.ஜி.101-ஐப் பற்றியது. செல்லில் டி.எஸ்.ஜி.101 உற்பத்தியைக் குறைத்தபோது நீலநாக்கு வைரஸின் வெளியேற்றம் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்தது. மனிதரின் எய்ட்ஸ் வைரஸும் ஆட்டின் நீலநாக்கு வைரஸும் உறவற்றவை. ஆயினும் ஒரே கதவை ஒரே வகைப் போலிச் சீட்டால் திறக்கின்றன. பிற்காலத்தில், 2020-இல், இவ்வைரஸ்கள் கூட்டமாகச் சவ்வுப் பைகளில் அடைக்கப்பட்டும் வெளியேறுகின்றன என்று அதே குழுவினர் காட்டினர்.

வைரஸ்கள் ஏன் இந்தக் கதவையே நாடுகின்றன? செல் இதை மூடிவிட முடியாது என்பதே காரணம். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது கடைசி இணைப்பை அறுப்பதற்கும் எஸ்கார்ட் புரதங்களே வேண்டும் என்று 2007-இல் தெரிந்தது. பாக்டீரியா போன்ற தோற்றமுடைய ஆர்க்கியா என்னும் பழமையான நுண்ணுயிர்களில் சிலவும் இத்தகைய புரதங்களைக் கொண்டே பிரிகின்றன என்று 2008-இல் கண்டனர். வைரஸை அடைக்க வேண்டிக் கதவைச் சுவராக்கினால் வீட்டுக்காரனே வாழ முடியாது. ஆகவே டி.எஸ்.ஜி.101-ஐ முடக்கும் மருந்து நோயாளிக்கே கேடாக முடியலாம். போலிச் சீட்டைக் கைப்பற்றுவதே பாதுகாப்பான வழி.

பட்டிக்கு வரும் பயன்

ஆட்டுக்காரருக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்பது நியாயம். நீலநாக்கு நோய்க்கு நேரடி மருந்து இல்லை. தடுப்பூசியே காப்பு. வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைத் தடுப்பூசியாகப் போடும் முறை தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அவ்வைரஸைப் பூச்சி உறிஞ்சிக்கொண்டு பரப்பிவிடலாம். ஒரே செல்லில் இரு வகை வைரஸ்கள் சேர்ந்தால் தங்கள் பத்துத் துண்டுகளைக் கலந்து மாற்றிக்கொள்ளவும் கூடும். இந்தியாவில் கிடைத்த சில நீலநாக்கு வைரஸ்களிலேயே வெளிநாட்டுத் தடுப்பூசி வகைகளை ஒத்த துண்டுகள் காணப்பட்டுள்ளன.

நம் நாட்டில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தின்கீழ், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பங்கேற்று, ஐந்து வகைகளை எதிர்க்கும் செயலிழந்த வைரஸ் தடுப்பூசி உருவாக்கப்பட்டது. 1, 2, 10, 16, 23 ஆகியவை அவ்வகைகள். 2010-களில் அது விற்பனைக்கு வந்தது. செயலிழந்த வைரஸ் என்பதால் பூச்சி பரப்புமோ என்ற அச்சம் இதற்கில்லை. ஆயினும் நீலநாக்கு வைரஸில் 24-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கான காப்பு மற்றொன்றுக்கு முழுதும் உதவாது. தம் பகுதியில் பரவும் வகை எது என்பதைக் கால்நடை மருத்துவர் மூலம் அறிந்துகொள்வது இதனால்தான் முக்கியம்.

வெளியேறும் வழியை அறிந்ததன் பயன் இங்கே புலப்படுகிறது. 2014-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் என்.எஸ்.3 புரதமே இல்லாத நீலநாக்கு வைரஸை உருவாக்கினர். அது ஆடுகளுக்கு நோயுண்டாக்கவில்லை. நோய்க்கு எதிரான காப்பை அளித்தது. அடுத்த ஆண்டு, அவ்வைரஸ் கியூலிகாய்ட்ஸ் பூச்சியின் உடலில் பெருக முடியவில்லை என்பதும் சோதனையில் தெரிந்தது. பூச்சியில் பெருகாத வைரஸைப் பூச்சி பரப்ப வழியில்லை. மற்றொரு நன்மையும் உண்டு. இயற்கையாக நோய் கண்ட ஆட்டின் இரத்தத்தில் என்.எஸ்.3-க்கு எதிர்ப்பொருள் இருக்கும். இத்தடுப்பூசி போட்ட ஆட்டில் இராது. ஆகவே ஓர் இரத்தச் சோதனையால் இரண்டையும் பிரித்தறியலாம்.

அத்தகைய தடுப்பூசி நம் பட்டிகளுக்கு வந்து சேரும் வரை, கையில் உள்ளவற்றைப் பயன்படுத்த வேண்டும். மழைக்காலத்திற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல், பட்டியில் சாணச் சேறு தேங்காமல் உலர வைத்தல், நோயுற்ற ஆட்டை நிழலில் கட்டி மென்மையான தீவனம் கொடுத்தல், முகம் வீங்கிய ஆட்டைக் கண்டவுடன் கோமாரி, ஆட்டுக்கொல்லி என நாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுதல் ஆகியவை அவை.

ஈஸ்ட் செல் தன் குப்பையை எப்படி அகற்றுகிறது என்று ஆராய்ந்தவர்களுக்கு எய்ட்ஸ் நோயாளியோ காங்கயத்துச் செம்மறியோ நினைவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அவர்கள் கண்ட விடை இருவருக்கும் பயன்படுகிறது. ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டு ஒவ்வோர் ஆராய்ச்சியையும் தொடக்கத்திலேயே எடைபோட்டிருந்தால், இந்த வாசல் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.